பழைய சார்ஜர்: அப்படியே மீட்பதா, உள்ளே புதுசாக்குவதா?

1969 டாட்ஜ் சார்ஜர் என்ற அமெரிக்க கார் கையில் கிடைத்தால் இரண்டு வழி உண்டு: ஆலையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோவது, அல்லது ரெஸ்டோமாட், அதாவது பழைய உடலை வைத்துக்கொண்டு உள்ளே இன்றைய இன்ஜினும் பிரேக்கும் பொருத்துவது.

முதல் வழியில் எண்கள்தான் எல்லாம். ஆலை கொடுத்த வண்டி அடையாள எண்ணின் (விஐஎன்) ஐந்தாவது எழுத்து ‘ஜே’ என்றால் உள்ளே இருப்பது 426 கன அங்குல ஹெமி இன்ஜின். 7 லிட்டர், 425 குதிரைத்திறன். இன்ஜின் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஒத்துப்போனால் விலை எகிறும். ஓட்டுவது வேறு கதை. பின்னால் லீஃப் ஸ்பிரிங், டிரம் பிரேக். முன்சக்கரத்துக்கு டிஸ்க் வேண்டுமென்றால் அன்றே கூடுதல் காசு. நேர் சாலையில் ராஜா, வளைவில் பாவம்.

ரெஸ்டோமாட்டில் டாட்ஜின் நவீன 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் ஹெல்கேட் இன்ஜின், 707 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க், நல்ல ஏசி. தினமும் எடுத்துப் போகலாம்.

அப்போது அது சார்ஜர்தானா? என் கணக்கில் ஆமாம். இடுப்பு ஒடுங்கிப் பின்சக்கரத்தின்மேல் புடைக்கும் பக்கவாட்டு, விளக்கை மறைத்துக்கொண்டு நடுவில் பிளந்து நிற்கும் கிரில், பின்கண்ணாடியின் இருபுறமும் சரிந்திறங்கும் தூண்கள், நீளமான பின்விளக்குகள் (1968இல் இவை வட்டம்), அப்புறம் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினின் உறுமல். இவை இருந்தால் கியர்பாக்ஸ் எதுவானாலும் சரி. மின்மோட்டார் வைத்தால் உறுமல் போச்சு. எனக்கு அது ஒப்பவில்லை. ராட்சத சக்கரங்களும்தான்.

அசல் ஹெமி என்றால் கை வைக்காதீர்கள். சாதாரண 318 இன்ஜினோடு வந்த வண்டியா? தாராளமாக மாற்றுங்கள்.