எப்போது போனாலும் குஞ்சு இருக்கும் என்று சொல்லும் ஆமை நிலையங்களுக்குப் போகாதீர்கள்

இலங்கையில் பெந்தோட்டையிலிருந்து ஹிக்கடுவை வரை காலி வீதியில் போகிறவர்களின் கண்ணில் ஆமைப் படம் போட்ட பலகைகள் படாமல் இருக்காது. எல்லாவற்றிலும் 'பாதுகாப்பு' என்ற சொல் ஏதோ ஒரு வகையில் இருக்கும். கடலாமை முட்டைகளைப் பொரிக்கவைத்து, காசு வாங்கிக் குஞ்சுகளைக் காட்டும் அப்படியொரு நிலையத்தில் எங்கள் குடும்பம் ஏமாற்றப்பட்டது. காசு போனது ஒரு பக்கம். அந்தக் காசில் நடந்த காரியம்தான் இன்னும் மனதை உறுத்துகிறது. விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

நாங்கள் போக நினைத்தது ரெக்கவ. தங்காலைப் பக்கம் இருக்கும் கரை அது. 2006இல் ஆமைகளுக்கென்றே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே முட்டைகளைத் தோண்டி வேறிடத்துக்குக் கொண்டுபோகாமல், தாய் ஆமை புதைத்த இடத்திலேயே விட்டுக் காவல் இருப்பதுதான் வழக்கம். இரவில் போய்ப் பொறுமையாகக் காத்திருந்தால், ஆமை முட்டையிடுவதைத் தூர நின்று பார்க்கலாம். பெரும்பாலும் பேராமை எனப்படும் பச்சைக் கடலாமைதான் வரும். நாங்கள் தங்கிய விடுதியில் இதைச் சொல்லிக் கேட்டோம். "ஆமைச் சரணாலயம், இரவில் முட்டையிடுவதைப் பார்த்தல், குஞ்சு விடுதல், வான் எல்லாம் சேர்த்து" என்று வட்ஸ்அப்பில் ஒரு விலை வந்தது. முன்பணம் கொடுத்தோம்.

புறப்படுகிற நேரத்தில்தான் டிரைவர் சொன்னார்: "மிஸ், ரெக்கவயில இப்ப ஆமை ஏறுறதில்ல. வீணா அவ்வளவு தூரம் போவானேன்? நான் கூட்டிட்டுப் போற இடத்தில எப்ப போனாலும் குஞ்சு இருக்கும்." விடுதிக்காரரும் தலையாட்டினார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால் முடியாது என்றார்கள். அக்காவின் பிள்ளைகள் இரண்டும் ஏற்கனவே வானில் ஏறியிருந்தார்கள். சரி என்று போனோம்.

தகரக் கொட்டகை. உள்ளே வரிசையாகச் சீமெந்துத் தொட்டிகள். விடுதிக்குக் கொடுத்ததில் எல்லாம் அடக்கம் என்றவர்கள், வாசலில் ஆளுக்கு 1500 ரூபாய் தனியாகக் கேட்டார்கள். பற்றுச்சீட்டு இல்லை. முதல் தொட்டியில் கலங்கிய தண்ணீரில் நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. ஒரு குஞ்சு தொட்டியின் மூலையில் மூக்கை முட்டி, பின்வாங்கி, திரும்ப அதே இடத்தில் முட்டிக்கொண்டே இருந்தது. அதன் பின்துடுப்பில் ஒரு துண்டு இல்லை. கடிபட்ட இடத்தில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. நெருக்கத்தில் அடைத்துவைத்தால் குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்கும், புண்ணில் பூஞ்சணம் பிடிக்கும். இது எத்தனை நாள் குஞ்சு என்று கேட்டேன். "மூணு நாலு நாள் இருக்கும். கொஞ்சம் பலமானதும் விடுவோம்" என்றார் அங்கே நின்ற பையன். பிறகு, நாங்கள் கேட்காமலே ஒன்றை எடுத்து அக்காவின் மகனின் கையில் வைத்து, "பிடிச்சுப் பாருங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார். பிள்ளையின் கையெல்லாம் சன் கிரீம்.

'கொஞ்சம் பலமானதும்' என்பது அப்பட்டமான பொய். மணலுக்குள்ளிருந்து வெளிவரும் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். அந்தப் பலத்தில்தான் அது ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க நிற்காமல் நீந்தி, மீன்களும் பறவைகளும் மொய்க்கும் கரையோரத்தைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போகிறது. தொட்டியில் போட்டாலும் அந்த வேகம் அடங்காது, சுவரில் முட்டி முட்டி அங்கேயே தீர்ந்துபோகும். மூன்று நாள் கழித்துக் கடலில் விடும்போது, அந்தப் பயணத்துக்கென்று அதற்குக் கொடுக்கப்பட்டிருந்த பலம் போய்விட்டிருக்கும். பெரிய ஆமையாக வளர்வது ஆயிரத்தில் ஒன்றுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த ஒன்றின் வாய்ப்பையும் பறித்துவிட்டு, அதைக் காட்டித்தான் நம்மிடம் காசு வாங்குகிறார்கள்.

அப்புறம் குஞ்சு விடுதல். ஒன்றுக்கு 1000 ரூபாய் 'நன்கொடை'. பின்னேரம் நான்கு மணி, மணல் காலைச் சுடுகிறது, தென்னைகளில் காகங்கள். குஞ்சுகள் இயல்பாக வெளிவருவது இரவில். மேல்மணல் சூடாக இருக்கும்வரை அவை உள்ளேயே காத்திருக்கும். இருட்டியதும் விடலாமே என்று கேட்டேன். அந்த நேரம் வேறு ஆட்கள் வருவார்கள் என்றார்கள். அக்காவின் மகள் விட்ட குஞ்சு நாலடி போய் அப்படியே படுத்துவிட்டது. அந்தப் பையன் அதை எடுத்து அலைக்குள் வீசினார். பிள்ளை அழுதாள்.

இரவில் முட்டையிடுவதைக் காட்டுவதாகச் சொன்ன கரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹோட்டல் விளக்குகளும் பாட்டுச் சத்தமுமாக இருந்த இடம். வெளிச்சமான கரையில் தாய் ஆமை ஏறத் தயங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒன்பது மணிக்கு, "இன்னைக்கு வரல்ல, இயற்கை, நாங்க என்ன செய்யிறது" என்று முடித்துவிட்டார்கள்.

இலங்கைக் கரைகளில் ஏறும் ஐந்து வகை ஆமைகளும், அதாவது பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, தோணி ஆமை எல்லாமே, வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அனுமதியில்லாமல் முட்டை எடுப்பதும் விற்பதும் ஆமையை அடைத்துவைப்பதும் குற்றம். அப்படியிருக்க, இந்த நிலையங்களுக்கு முட்டை எங்கிருந்து வருகிறது? கரையில் தோண்டுகிறவர்களிடம் காசு கொடுத்து வாங்குகிறோம், இல்லாவிட்டால் அவர்கள் தின்பதற்கு விற்றுவிடுவார்கள் என்று அங்கேயே பெருமையாகச் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது; நாய்க்கும் கபரகொய்யா என்ற நீருடும்புக்கும் தின்கிறவனுக்கும் போவதைவிட நிலையத்தின் மணலில் புதைபடுவது மேல்தான். ஆனால் முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் வாளியில் போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்தால் கரு செத்துவிடும். புதைக்கும் மணலின் சூடும் முக்கியம்: சுமார் 29 பாகை செல்சியசுக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள்தான் கூடும். இதையெல்லாம் கவனித்து, பொரித்த அன்றிரவே குஞ்சுகளைக் கடலுக்கு விடும் ஒரு நிலையத்தை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆகவே காசு கொடுப்பதற்கு முன் போனில் ஒன்றைக் கேளுங்கள்: குஞ்சு பொரித்தால் எப்போது விடுவீர்கள்? "அன்றிரவே, நீங்கள் வரும் நாளில் ஒன்றும் இல்லாமலும் போகலாம்" என்று சொல்கிறவர்களை நம்பலாம். எந்த நேரமும் குஞ்சு இருக்கும், கையில் தருவோம், பகலில் விடலாம் என்றால் அங்கே தொட்டி இருக்கிறது என்று அர்த்தம். நிறமியில்லாமல் பிறந்த வெள்ளை ஆமையைக் காட்டிப் படமெடுக்கக் கூப்பிடும் இடமும் அப்படித்தான். காயமில்லாத ஆமைக்குத் தொட்டியில் வேலையில்லை. இரவில் பார்க்கப் போகும் இடத்தில் பிளாஷ் அடிக்கக் கூடாது, ஆமை முட்டையிடத் தொடங்கும்வரை கிட்டப் போகக் கூடாது என்று கண்டிப்பாக இருந்தால், அது நல்ல அறிகுறி.

ரெக்கவ என்று பேசிவிட்டு வேறிடத்துக்குத் திருப்பினால் வானில் ஏறாதீர்கள். பேசிய இடத்தின் பெயர் வட்ஸ்அப்பில் எழுத்தில் இருக்கட்டும். எங்களிடம் அது இருந்ததால்தான், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவோம் என்றதும் விடுதிக்காரர் முன்பணத்தில் பாதியைத் திருப்பித் தந்தார். மீதிக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். தொட்டிகளின் படங்களை வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அனுப்பியிருக்கிறேன். உங்களிடமும் அப்படிப் படங்கள் இருந்தால், எடுத்த நாளையும் இடத்தையும் குறிப்பிட்டு அங்கேயே அனுப்புங்கள்.