எக்ஸ்எஸ்எல்டியின் ட்ரூ, ஃபால்ஸ்: நீண்ட நாள் பயன்படுத்தியவன் சொல்வது

கோலாலம்பூரில் இ-இன்வாய்ஸ் வேலை பார்க்கிறேன். மலேசியாவில் 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களுக்கு மைஇன்வாய்ஸ் என்ற அரசின் இ-இன்வாய்ஸ் முறை கட்டாயமானது. யூபிஎல் 2.1 என்ற வணிக ஆவணத் தர வடிவில் இருக்கும் அதன் எக்ஸ்எம்எல்லை வாடிக்கையாளர் படிக்கும் பக்கமாக மாற்ற, எக்ஸ்எம்எல்லை வேறு வடிவமாக்கும் மொழியான எக்ஸ்எஸ்எல்டிதான் எங்களுக்குக் கைகொடுக்கிறது. எக்ஸ்எம்எல்லின் எந்த எலிமென்டுக்கு எந்த டெம்ப்ளேட் என்று பொருத்தும் டெம்ப்ளேட் மேட்ச் முறை எனக்கு இன்றும் பிடிக்கும். உண்மையா பொய்யா என்று பார்க்கும் பூலியன் சோதனையில் மட்டும் சத்தமே இல்லாமல் கழுத்தறுத்துவிடும்.

யூபிஎல்லில் சார்ஜ்இண்டிகேட்டர் என்று ஓர் எலிமென்ட். ட்ரூ என்றால் கூடுதல் கட்டணம், ஃபால்ஸ் என்றால் தள்ளுபடி. எங்கள் கைக்கு வந்த ஒரு பழைய டெம்ப்ளேட்டில், மேட்சின் நிபந்தனை எழுதும் சதுர அடைப்புக்குள் அந்தப் பெயர் மட்டும்தான் இருந்தது. தள்ளுபடி எல்லாம் கட்டணமாக அச்சானது. "தம்பி, நாம குறைச்சோமா, கூட்டினோமா?" என்று கணக்குப் பிரிவு அக்கா கேட்டார்.

பெயர் மட்டும் எழுதினால், அந்த எலிமென்ட் இருந்தாலே உண்மைதான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. சரி, ஸ்ட்ரிங்காக்கி, அதாவது வெறும் எழுத்தாக்கிச் சோதிக்கலாமே என்றால், காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் உண்மை, 'ஃபால்ஸ்' என்ற சொல்லும்தான். 'ட்ரூ()' என்ற ஃபங்ஷனுடன் ஒப்பிட்டாலும் 1.0 பதிப்பு எலிமென்ட் இருக்கிறதா என்றே பார்க்கும். 2.0-வில் அதே வரி உள்ளே இருக்கும் மதிப்பைப் பார்க்கும். சாக்ஸன் என்ற எக்ஸ்எஸ்எல்டி இயக்கிக்கு மாறிய பிறகும் ஸ்டைல்ஷீட்டின், அதாவது எக்ஸ்எஸ்எல்டி கோப்பின், தலையில் 1.0 என்று விட்டுவைத்தால் பழைய புத்தியே வரலாம். இப்போது 'ட்ரூ' என்ற எழுத்தோடு நேராக ஒப்பிடுகிறோம். 1 என்றும் வரலாம் என்பதால் அதையும் சேர்க்கிறோம்.

ட்ரூவுக்குப் பின்னால் அடைப்புக்குறி விட்டுப்போனால் இன்னும் மோசம். ட்ரூ என்ற பெயரில் பிள்ளை எலிமென்ட் தேடும், கிடைக்காது, பிழைச் செய்தியும் வராது.

பிழை தேட, ஓடும்போதே செய்தி காட்டும் எக்ஸ்எஸ்எல் மெசேஜ் போதும். ஆனால் அதை நிபந்தனை வைத்த டெம்ப்ளேட்டில் போட்டுப் பயனில்லை. மேட்ச் ஆகாவிட்டால் அந்தச் செய்தியே வராதே. ஒரே எலிமென்டுக்குப் பல டெம்ப்ளேட் பொருந்தினால் முன்னுரிமை எண் பெரியதே ஓடும்; நிபந்தனையுள்ள மேட்சின் இயல்பு முன்னுரிமை 0.5, வெறும் பெயருக்கு 0. அதனால் வெறும் பெயருக்கு ஒரு டெம்ப்ளேட் வைத்து, தப்பி வருவதை அங்கே பிடிக்கலாம். மதிப்பைச் சதுர அடைப்புக்குள் அச்சிட்டால் ஒட்டிக்கொண்ட வெற்றிடமும் தெரியும்.

புது வேலைக்கு சாக்ஸனும் 3.0 பதிப்பும் என் தேர்வு. ஓடிக்கொண்டிருக்கும் 1.0 கோப்புகளை அவசரப்பட்டுத் தொடமாட்டேன்; தலையில் பதிப்பு எண்ணை மாற்றும் நாளில் எல்லா நிபந்தனையையும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு எங்களிடம் ஆள் இல்லை.