இரண்டடித் தொட்டி, எண்பது நைட்ரேட்: மூன்று வருட அனுபவம்

இலங்கை மலையகத்தில், நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள கந்தப்பளையில் கடல் மீன் வளர்க்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். கடலைப் பார்க்கவே எங்களுக்கு அரை நாள் பஸ் பயணம். சுற்றிலும் தேயிலையும் கோவாத் தோட்டமும்தான். 2021இல் ஒரு தொட்டி வைத்தேன். நீளம் இரண்டடி, அகலம் ஓரடி, உயரம் பதினைந்து அங்குலம். கணக்குக்கு 70 லீற்றர், மணலும் கல்லும் போக 55 லீற்றர்தான் தேறும். உள்ளே இரண்டு கிளவுன் மீன், ஒரு கோபி, கொஞ்சம் காளான் பவளம்.

மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் கடைசியில் நைட்ரேட்டாகத் தண்ணீரில் சேரும், அது கூடினால் பவளத்துக்கு ஆகாது. முதல் ஆறு மாதம் டெஸ்ட் கிட் அதை லீற்றருக்கு 10 மில்லிகிராம் என்றே காட்டியது. நானும் நிம்மதியாக இருந்தேன். ஆனால் பவளம் சுருங்கிக்கொண்டே போனது, கண்ணாடியில் பாசி படர்வதும் நிற்கவில்லை. காரணம் என் கைதான். அந்த டெஸ்ட் கிட்டில் இரண்டாவது போத்தலை அரை நிமிடம் பலமாகக் குலுக்க வேண்டும். அடியில் படிந்திருக்கும் தூள் கலக்காவிட்டால் எண் குறைவாகத்தான் காட்டும். ஒரு நாள் ஒழுங்காகக் குலுக்கிப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய் இரத்தச் சிவப்பு. எண்பது!

சரி, தண்ணீர் மாற்றினால் போகும் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐந்தில் ஒரு பங்கு மாற்றினேன். 55 வரை இறங்கியது, அதற்குக் கீழே அசையவே இல்லை. புதுத் தண்ணீரில் கரைக்கும் கடல் உப்பு இரண்டு பக்கெட் தீர்ந்தபோதுதான், அந்த உப்பைக் கரைக்கும் பீலித் தண்ணீரையே, அதாவது மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரையே, ஒரு தடவை பார்த்தால் என்ன என்று தோன்றியது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், நாங்கள் காலம் காலமாகக் குடிக்கிற தண்ணீர். அதிலேயே நைட்ரேட் 15 அளவில் இருந்தது. மேலே மரக்கறித் தோட்டம், அதற்குப் போடும் யூரியாவும் கோழி எருவும் மழையோடு இறங்கி வராமல் எங்கே போகும்? குடிக்கும் தண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நமக்குப் பரவாயில்லை, பவளத்துக்குத்தான் ஆகாது.

அன்றிரவு கொப்பியை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தீனியால் வாரம் 10 ஏறுகிறது. 55இல் தொடங்கினால் வார முடிவில் 65. ஐந்தில் ஒரு பங்கை இறைத்தால் 13 குறைந்து 52. புதுத் தண்ணீர் தன் பங்குக்கு 3 கொண்டுவருகிறது. மறுபடி 55! இப்படியே பத்து வருடம் மாற்றினாலும் அங்கேதான் நிற்கும். சுத்தமான தண்ணீர் ஊற்றினால் 40இல் வந்து நிற்கும். தீனியின் வரவையும் பாதியாக்கினால் 20. தண்ணீர் மாற்றுவதை மட்டும் நம்பி இருப்பவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கைத் தங்கள் தொட்டிக்கும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம்தான் ஆர்ஓ வடிகட்டி வாங்கினேன், தண்ணீரை மெல்லிய சவ்வு வழியாகத் தள்ளி நைட்ரேட்டைப் பிரிக்கும் கருவி அது. பீலியிலிருந்து குழாயில் வரும் தண்ணீருக்கு அதைத் தள்ளும் அழுத்தம் போதாது, தனியாக பூஸ்டர் பம்ப் வேண்டும். குளிரில் வடிவதும் மெதுவாகத்தான், டிசம்பரில் ஒரு பக்கெட் நிறைவதற்குள் பொழுது போய்விடும். கழிவுத் தண்ணீர் லீக்ஸ் பாத்திக்குப் போகிறது, அம்மாவுக்கு அதில் மகிழ்ச்சி. தீனி விஷயத்தில் பெரிய வித்தை ஒன்றுமில்லை: உறைந்த இறாலைத் தேயிலை வடியில் அலசி, அந்தச் சாறு போன பிறகு போடுகிறேன், அதுவும் ஒரு வேளை மட்டும். பில்டர் ஸ்பொன்ஞ் வாராவாரம் பழைய உப்புத் தண்ணீரில் பிழியப்படுகிறது. மூன்று மாதத்தில் 20க்கு வந்தது, கணக்குச் சொன்னபடியே.

அதற்குக் கீழே கொண்டுபோனது வினாகிரி. வெள்ளை வினாகிரிதான், தென்னை வினாகிரி வேண்டாம். அதைத் தின்று பெருகும் பாக்டீரியா நைட்ரேட்டையும் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும், ஸ்கிம்மர் என்ற நுரை வடிகட்டி அந்தப் பாக்டீரியாவை நுரையோடு வெளியே தள்ளும். ஸ்கிம்மர் இல்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம். ஊசிக் குழாயில் நாளுக்கு அரை மில்லிலீற்றரில் தொடங்கி, வாரத்துக்கு அரை அரையாகக் கூட்டினேன். 2 மில்லியில் பொறுமை போய் ஒரேயடியாக 4 ஊற்றினேன். மறுநாள் விடியும்போது தொட்டி பால் மாதிரி, மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து நின்றன. பாக்டீரியா ஒட்சிசனைக் குடித்துவிட்டது. ஆறாயிரம் அடி உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் 25 பாகைக்குச் சூடாக்கிய தண்ணீரில் ஒட்சிசனும் குறைவுதான். காற்றுக் கல்லைப் போட்டுக் காப்பாற்றினேன். இப்போது 3 மில்லி, காலையில் மட்டும்.

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது வினாகிரியை அடியோடு நிறுத்தினேன். ஹீட்டர் இல்லாமல் தண்ணீர் 19 பாகைக்கு இறங்கியது. தொட்டிக்குக் கம்பளி போர்த்தி, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பை வைத்துப் படுத்தோம். எல்லாம் உயிரோடு இருந்தன, நைட்ரேட் மட்டும் 30க்கு ஏறிவிட்டது.

மற்றவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போத்தலில் விற்கும் பாக்டீரியா இரண்டு வாங்கி ஊற்றினேன், எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நைட்ரேட்டை உறிஞ்சி வளரும் கீட்டோமோர்பா பாசியையும் வைத்தேன், வெளிச்சம் போதாமல் அழுகியது. அது என் தவறு, நல்ல விளக்கு இருப்பவர்களுக்கு வினாகிரியைவிட அதுவே பத்திரம். தீனியிலிருந்து சேரும் இன்னொரு கழிவான பொஸ்பேட் வினாகிரியால் பெரிதாகக் குறையாது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் கிட்டில் பார்த்தபோது நைட்ரேட் நிறம் 5க்கும் 10க்கும் நடுவில். காளான் பவளம் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருக்கிறது. அச்சாறு போட வினாகிரி தேடும்போதெல்லாம் அம்மா நேராகத் தொட்டிக்குக் கீழேதான் வந்து பார்க்கிறார். அடுத்த மாதம் 2 மில்லிக்குக் குறைத்துப் பார்க்கப் போகிறேன்.