நோம்பிக்கு ஒரு நாளா, நித்தம் கால் மணி நேரமா?

வீட்டில் சாமான் அடைந்துபோனால் நம் கொங்குப் பக்கம் காலங்காலமாக இருக்கிற வழி நோம்பிதான், அதாவது பொங்கலுக்கு முந்தின ஒரு நாள் சுத்தம். மார்கழி கடைசியில், காப்புக் கட்டுக்கு முன்னால், பாய் தலையணை முதல் அண்டா குண்டா வரைக்கும் வாசலுக்கு வந்துவிடும். ஒட்டடை அடித்து, தரை கழுவி, வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி நிலைவாசலில் காப்பாகச் செருகினால் வேலை முடிந்தது. சென்னைப் பக்கம் போகிக்குப் பழையதைக் கொளுத்துவார்கள். ஈரோடு, கோபி, தாராபுரம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. இறக்கியதைத் துடைத்து மறுபடி அட்டாலியில், அதாவது பரணில், ஏற்றிவிடுகிறோம். வீடு சுத்தமாகிறது, சாமான் குறைவதில்லை.

இப்போது செல்போனைத் திறந்தால் வேறு வழிகள் சொல்கிறார்கள். தினம் ஒரு பொருளை வெளியேற்று, தினம் கால் மணி நேரம் ஒதுக்கு, புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று போகட்டும், முப்பது நாள் விளையாட்டு, ஜப்பான்காரர் முறை என்று பட்டியல் நீளும். நான் தினமும் கொஞ்சம் என்கிற கட்சி. ஆனால் வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானுக்கும் அது செல்லாது. எது எதற்குச் செல்லும் என்பதில்தான் இந்த ஒப்பீடே.

முதலில் கணக்கு. தினம் ஒரு பொருள் என்றால் வருஷத்துக்கு 365. முப்பது நாள் விளையாட்டில் முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறிக்கொண்டே போய் முப்பதாம் நாள் முப்பது. கூட்டினால் 465. ஒரு மாசத்தில் ஒரு வருஷ வேலையைத் தாண்டிவிடுகிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முதல் பத்து நாளில் போவது 55, கடைசிப் பத்து நாளில் 255. பாதிக்கு மேல் சுமை கடைசியில் வந்து உட்காருகிறது. மில்லில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வருகிறவர் ராத்திரி பதினோரு மணிக்கு இருபத்தேழு பொருள் தேடுவாரா? தேடினாலும் எழுதாத பேனா, ஒற்றைக் கம்மல், ஓட்டல் சாஸ் பாக்கெட் என்றுதான் எண்ணிக்கையை ஒப்பேற்ற முடியும். எண்ணிக்கை ஏறும், அலமாரியில் இடம் கிடைக்காது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் மே மாச லீவில் ஒரு தடவை ஆடிப் பார்க்கலாம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

கால் மணி நேர முறை இதைவிடக் கெட்டி. காரணம், அதற்கு ஒரு முடிவு இருக்கிறது. ஒரு இழுப்பறை, ஒரு தட்டு, அவ்வளவுதான். மணி அடித்தால் எழுந்துவிடலாம். சமையல்கட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பேன். இட்லி வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் எல்லோரும் செல்போனைத்தான் பார்க்கிறோம். குண்டானை அடுப்பில் ஏற்றியதும் ஒரே ஒரு தட்டைக் காலி செய்து பார்த்தால் போதும். மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, வண்டு விழுந்த கொள்ளு, போன வருஷத்து ஊறுகாய் ஜாடி, எதற்கும் ஆகட்டும் என்று எடுத்து வைத்த பார்சல் டப்பாக்கள் எல்லாம் அதற்குள் வெளியே வந்துவிடும். நேரத்தைத் தனியாகத் தேட வேண்டியதில்லை, இட்லியே மணி அடித்துவிடுகிறது.

ஏற்கெனவே தினம் நடக்கிற ஒரு வேலையோடு புதுப் பழக்கத்தைக் கட்டிவிடுவதில் ஒரு காரணமும் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜிலிருந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் இது என்கிற மாதிரி ஆளுக்கு ஒரு பழக்கத்தைத் தேர்ந்து தினமும் செய்யச் சொல்லிக் கவனித்தார்கள். அது தானாக நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. இந்தக் கடைசி விஷயம் நமக்கு முக்கியம். ஊரில் கல்யாணம், சீர், கிடா வெட்டு என்று மாசத்தில் நாலு நாள் எப்படியும் விட்டுப்போகும். நோம்பி முறையில் அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்.

திருப்பூருக்கு வேறு பேச்சு. பனியன் கம்பெனியில் ஒருவர் வேலை செய்தாலே போதும், வீட்டில் டி-சர்ட் மழை. செகண்ட்ஸ், எக்ஸ்போர்ட் மிச்சம், சேம்பிள் பீஸ் என்று பீரோ மூட முடியாத அளவுக்கு வந்து சேரும். அங்கே தினம் ஒன்றை வெளியேற்றி மாளாது, வரத்து அதைவிட அதிகம். ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்கிற விதியை அந்த மாதிரி வீட்டில்தான் முதலில் போட வேண்டும். அது இருப்பதைக் குறைக்காது. தொட்டியைக் காலி செய்யாமல் குழாயை மட்டும் அடைப்பது போலத்தான். ஆனாலும் குழாய் அடைபடாத வீட்டில் மற்ற எந்த முறையும் வீண்.

போகிற டி-சர்ட் எங்கே போகும் என்றும் யோசிக்க வேண்டும். கம்பெனிக் கட்டிங் வேஸ்ட், கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓ.இ. மில்களுக்குப் போய் மறுபடி நூலாகிறது. வீட்டில் போட்டு நைந்த டி-சர்ட்டை அப்படி எளிதில் எடுக்க மாட்டார்கள், அதில் பிரிண்டும் லேபிளும் பட்டனும் இருக்கும். சுத்தப் பருத்தியாக இருந்தால் ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பாலியஸ்டர் கலந்ததை அங்கே கொடுத்தால் திட்டுத்தான் கிடைக்கும். நல்ல நிலையில் உள்ளதை உடுத்துகிறவர் யாரென்று தெரிந்து, துவைத்து மடித்துக் கொடுங்கள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவரை மட்டும் யோசித்துக் கூப்பிடவும். ஒரு மூட்டைத் துணி போய் இரண்டு பிளாஸ்டிக் பக்கெட்டும் ஒரு எவர்சில்வர் போசியும் உள்ளே வரும். வீட்டில் ஏற்கெனவே ஏழு பக்கெட் இருக்கும்.

துணி, புத்தகம், காகிதம் என்று வகை வகையாக எடுத்து, ஒரு வகையில் உள்ள அத்தனையையும் ஒரே இடத்தில் குவித்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து முடிவு செய்வது ஜப்பான்காரர் முறை. கோவை சரவணம்பட்டி அபார்ட்மெண்டில் இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அருமை. நம்மிடம் இத்தனை சட்டையா என்று கண்ணால் பார்க்கிற அதிர்ச்சியை வேறு எந்த முறையும் தராது. நாலு தலைமுறைத் துணி ஒரே பீரோவில் உள்ள வீட்டில் அதை முயலாதீர்கள். பவானி ஜமக்காளத்தை விரித்து எல்லாவற்றையும் கொட்டி வைத்திருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணப் பத்திரிகை வைக்கச் சொந்தக்காரர் ஆறு பேர் வந்து நிற்பார்கள். குவியல் அப்படியே போர்வைக்குள் கட்டி உள்ளறைக்குப் போகும். அப்புறம் அது அங்கேயேதான் இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் போட்டியே இல்லை. அங்கே நோம்பி முறை முழுத் தோல்வி. தேங்காய்த் தொட்டி (சிரட்டை), உடைந்த குடம், பழைய டயர் இதிலெல்லாம் மழைத்தண்ணி நின்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஏழிலிருந்து பத்து நாள் போதும். வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டுவது அதற்கு என்ன செய்யும்? தினமும்கூட வேண்டாம். வாரம் ஒரு சுற்று போய் கவிழ்க்க வேண்டியதைக் கவிழ்த்து, போட வேண்டியதைப் போட்டால் சரி. முட்டை காய்ந்த நிலையில் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணியைக் கொட்டுவதோடு பாத்திரத்தின் உள்பக்கத்தையும் தேய்க்க வேண்டும். தேங்காய்த் தொட்டியைச் சேர்த்து வைத்தால் காசு. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் தொட்டிக்கரி சுடுகிறவர்கள் எடை போட்டு வாங்குகிறார்கள். மழைபடாத சாக்கில் கட்டி வையுங்கள்.

கட்டைப்பை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். நல்லதுதான். ஆனால் ஜவுளிக்கடைக்குப் போகிறபோதெல்லாம் ஒரு பை வருகிறது, பைக்குள் பை சொருகிக் கதவுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. வண்டிப் பெட்டியில் ஒன்று, சமையல்கட்டில் இரண்டு, மீதியைத் தெருக்கோடிக் காய்கறிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

காகிதம் வந்த அன்றைக்கே முடிவு செய்ய வேண்டிய சாமான். ஏடிஎம் சீட்டு, கடை பில் எல்லாம் வெப்பத்தில் அச்சாகிற தாள். சில மாசத்தில் வெள்ளையாகிவிடும். வாரண்டி வேண்டிய பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுத்தால்தான் உண்டு. இதுவரை தினசரி முறைக்கு வெற்றி. ஆனால் கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிற டிரங்குப் பெட்டிப் பக்கம் கால் மணி நேரக் கடிகாரத்தோடு போகவே கூடாது. பட்டாவை இன்றைக்கு இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். அப்பன் பாட்டன் கைநாட்டு வைத்த அசல் பத்திரம் போனால் நகல் வாங்கலாமே தவிர அசல் திரும்பி வராது. அந்தப் பெட்டிக்கு வீட்டுப் பெரியவர், விவரம் தெரிந்த ஒருவர், முழுசாக ஒரு பகல் வேண்டும்.

இரண்டு முறைக்கும் நடுவில் கோடு இங்கேதான் விழுகிறது என்று நினைக்கிறேன். பொருள் சிறியதா பெரியதா என்பது கணக்கில்லை. அதை வெளியே அனுப்ப யார் சொல்ல வேண்டும் என்று பாருங்கள். நான் ஒருத்தியே முடிவு செய்யக்கூடியது என்றால் தினம் கொஞ்சம். மாமியார், கொழுந்தனார், பெங்களூரில் இருக்கும் நாத்தனார் என்று நாலு பேர் வாய் திறக்க வேண்டியது என்றால் அதைத் தினசரிப் பட்டியலில் சேர்த்தால் தினசரிச் சண்டைதான்.

அட்டாலியில் இருக்கிற பித்தளை அண்டாவைத் தொட்டுப் பாருங்கள். "அது கெடக்கட்டும் அம்மிணி, எங்கப்பன் ஊட்டுச் சீரு" என்று பதில் வரும். அதில் யாரும் சமைத்து முப்பது வருஷம் ஆகியிருக்கும். விருந்து என்றால் இப்போது வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. ஆனாலும் சொல்கிறவர் மேல் குறை இல்லை. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்கிற ஆய்வாளர்கள் மூவரும் மாணவர்கள் பாதிப் பேருக்குக் காப்பிக் கோப்பை கொடுத்துச் சோதித்தார்கள். கையில் கோப்பை கிடைத்தவர் விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்றுமுன் கைக்கு வந்த கோப்பைக்கே அப்படி என்றால் பிறந்த வீட்டு அண்டாவுக்கு எத்தனை மடங்கு போடுவது? இதையெல்லாம் ஒருத்தி இட்லி வேகும் நேரத்தில் தீர்க்க முடியாது.

பக்கத்திலேயே அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி ஒன்று துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும். 2006-க்கு அப்புறம் வந்த அந்தக் குழல் டிவியின் கண்ணாடியில் ஈயம் உண்டு. தெருவில் வருகிறவரிடம் போட்டால் செம்புக் கம்பிச் சுருளுக்காக அங்கேயே பின்கழுத்தை உடைப்பார், கண்ணாடியும் ஈயமும் உங்கள் வீதியிலேயே கிடக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவான மின்கழிவு நிறுவனத்தைத் தேடிக் கொடுப்பதுதான் முறை. அதற்கும் வண்டி, இரண்டு ஆள், ஒரு நாள் வேண்டும்.

ஆகவே அட்டாலிக்கு நோம்பிதான். காப்புக் கட்டுக்கு முன்னால் மட்டும் வேண்டாம். அன்றைக்கு வீட்டில் இருப்பது வேலை செய்கிற பெண்கள் மட்டும், முடிவு சொல்ல வேண்டியவர்கள் ஊர் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அட்டாலியை இறக்குங்கள். யாருக்கு வேண்டுமோ அவர்கள் ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகட்டும். யாருக்கும் வேண்டாததை எல்லோர் கண் முன்னாலும் எடை போட்டுக் கொடுத்துவிடலாம். பித்தளைக்கு இரும்பைவிடப் பல மடங்கு விலை, அதனால் தனித்தனியாகப் பிரித்தே தராசில் ஏற்றச் சொல்லுங்கள். பொங்கல் வாரத்தில் பழைய இரும்புக் கடைகள் பாதி மூடியிருக்கும், வண்டிக்கு முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லி வைத்துவிடுங்கள்.