ஐம்பதாயிரத்தில் டிசைன் கணினி: பழைய ஆபீஸ் பெட்டியா, ரைசனா, இன்டெலா?

டிசைன் படிக்கப்போகும் பிள்ளைக்குக் கணினி வாங்குகிறோம் என்று சொன்னால், தறிக்குடோன் வைத்திருக்கும் மாமா முதல் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் வரை கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஜிபி, கண்ணு?" திரையும் சேர்த்து ஐம்பதாயிரம் ரூபாய்தான் கையில் இருக்கிறது என்றால், அந்தக் கார்டு கடைசியாக வாங்க வேண்டிய பொருள் என்பது என் கட்சி. முதல் ஆண்டில் அது இல்லாமலே பெரும்பாலானோருக்கு வேலை நடக்கும். விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு பார்க்கலாம்.

களத்தில் மூன்று போட்டியாளர்கள். ஐ.டி. நிறுவனங்கள் கழித்துவிட்டு, சுத்தம் செய்யப்பட்டு மறுவிற்பனைக்கு வரும் ஆபீஸ் கணினி ஒன்று. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசர் போட்டுப் புதிதாக அசெம்பிள் செய்வது இன்னொன்று. இன்டெல் ஐ5-12400 பிராசசர் போட்டு அசெம்பிள் செய்வது மூன்றாவது.

மடிக்கணினியையும் மேக் மினியையும் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். இந்த விலைக்குள் வரும் மடிக்கணினிகள் பலவற்றின் விவரத்தாளில் திரைக்கு நேராக '45 விழுக்காடு என்டிஎஸ்சி' என்று இருக்கும். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதன் அளவு அது; கணினித் திரைகளின் பொது அளவுகோலான எஸ்ஆர்ஜிபி கணக்கில் ஏறத்தாழ 63 விழுக்காடுதான். அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும் திரையில் துணிக்கு டிசைன் போட்டு என்ன பயன்? வகுப்புக்குத் தூக்கிப்போக ஒன்று வேண்டுமென்றால், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்த திட்டம் இருக்கிறது.

மேக் மினி உண்மையிலேயே வலுவான எதிரி. எம்4 சில்லுடன் 2024 இல் வந்தபோது இந்திய விலை 59,900 ரூபாய், மாணவர்களுக்கு 49,900. வேகத்தில் இங்கே பேசும் மூன்றும் அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் அந்த விலையில் திரை இல்லை, கீபோர்டு இல்லை, சேமிப்பிடம் 256 ஜிபி. நினைவகத்தை (ரேம்) பின்னால் கூட்டவும் வழியில்லை. ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ், சாலிட்வொர்க்ஸ் ஆகியவற்றுக்கு மேக் பதிப்பு கிடையாது என்பதால் கட்டடக்கலை, இயந்திர வடிவமைப்பு படிப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

வேலை எவ்வளவு பெரியது?

எந்தப் பெட்டி என்று முடிவு செய்யுமுன் கோப்பின் அளவைக் கணக்குப் போட வேண்டும். திருப்பூர் பனியனின் மார்பில் வரும் பிரிண்டை எடுத்துக்கொள்வோம். 12 அங்குலம் அகலம், 16 அங்குலம் உயரம், அங்குலத்துக்கு 300 புள்ளி. மொத்தம் ஒரு கோடியே 73 லட்சம் புள்ளிகள். அச்சுக்கான நான்கு நிற சிஎம்ஒய்கே முறையில் புள்ளிக்கு நான்கு பைட் என்றால் ஒரு லேயருக்கு ஏறத்தாழ 69 எம்பி. முழுக்க நிரம்பிய இருபது லேயர் இருந்தால் 1.4 ஜிபி. போட்டோஷாப் இதைத் திறந்து வைத்திருக்கும்போதே கோரல்டிரா, பிரவுசரில் பத்துப் பதினைந்து மாதிரிப் படங்கள், கூடவே வாட்ஸ்அப். 8 ஜிபி நினைவகம் இங்கேயே மூச்சு வாங்கும். 16 ஜிபி நிம்மதி.

இப்போது கரூர் அல்லது சென்னிமலைப் படுக்கை விரிப்புக்கு வருவோம். 90க்கு 108 அங்குலம், டிஜிட்டல் பிரிண்டுக்காக முழு விரிப்பையும் ஒரே ஓவியமாக 300 புள்ளியில் வரைந்தால் 27,000க்கு 32,400 புள்ளி. மூன்று நிற ஆர்ஜிபி முறையில் ஒரே ஒரு லேயர் 2.6 ஜிபி. போட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி கோப்பு ஒரு பக்கத்துக்கு 30,000 புள்ளிக்கு மேல் தாங்காது. பிஎஸ்பி போன்ற பெரிய வடிவத்தில்தான் சேமிக்க முடியும். நல்ல வேளையாக, பெரும்பாலான விரிப்புகள் ஒரு சிறு ரிப்பீட் திரும்பத் திரும்ப வருவதுதான். அந்த ஒரு கட்டத்தை வரைந்தால் போதும். முழு ஓவியமே வேண்டுமென்றாலும் 150 புள்ளியில் வைத்தால் சுமை கால் பங்காகிவிடும்.

இந்தக் கணக்கில் கிராபிக்ஸ் கார்டு எங்கேயாவது வந்ததா? நினைவகம் வந்தது. அது நிரம்பிய பிறகு போட்டோஷாப் தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் எஸ்எஸ்டி வரும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். என்விஎம்இ வகை அதைப்போல் பல மடங்கு ஓடும்.

பழைய ஆபீஸ் பெட்டி

டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்ற மூன்று பெயர்களில்தான் இவை அதிகம் கிடைக்கின்றன. 'ஐ5, 16 ஜிபி, எஸ்எஸ்டி' என்று அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். ஐ5 என்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அதை அடுத்து வரும் எண்தான் முக்கியம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது, இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஐ5-8500 சரி, ஐ5-7500 வேண்டாம். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் இப்போது மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

8500க்கு ஆறு கோர், அதாவது ஒரே சில்லில் ஆறு கணக்கிடும் பகுதிகள். இரு பரிமாண வேலைக்குத் தாராளம். முறையான விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடே வந்துவிடும். புதிதாக அசெம்பிள் செய்பவர் அதற்குத் தனியே செலவழிக்க வேண்டும் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. நினைவகமும் உள்ளேயே இருக்கிறது. 2025 இன் பிற்பகுதியிலிருந்து இது பெரிய விஷயமாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதில் சில்லறை விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் நுகர்வோர் விற்பனையையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதற்கு முன் யாராவது எழுதிவைத்த 'ஐம்பதாயிரம் ரூபாய் பட்டியல்' கையில் இருந்தால் கிழித்துப் போடலாம்.

குறை எங்கே என்றால், இந்தப் பெட்டி வளராது. மெல்லிய வகையின் பவர் சப்ளை 200 வாட் அளவுதான். வடிவமும் இணைப்புகளும் நிறுவனத்துக்கே உரியவை என்பதால் கடையில் இருக்கும் வேறொன்றை மாட்ட முடியாது. கார்டு போடலாம் என்றாலும் உயரம் குறைந்த, தனி மின்கம்பி கேட்காத கார்டாக இருக்க வேண்டும். 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியின் குட்டை வடிவம்தான் அநேகமாக எல்லை. பின்னலாடை பிரிண்ட், லோகோ, புத்தக அட்டை என்று இருக்கப்போகிறவருக்கு இது போதும். மிஞ்சும் பணத்தில் நல்ல திரை வாங்கலாம்.

ரைசனும் இன்டெலும்

இரண்டுக்கும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். 5600ஜி கடைக்கு வந்தது 2021 இல், 12400 வந்தது 2022 தொடக்கத்தில். இரண்டிலும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. இரண்டையும் முந்தைய தலைமுறையான டிடிஆர்4 நினைவகத்தோடு ஓட்டலாம். 12400க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 போர்டுகளும் விற்பனையில் உள்ளன, பார்த்து எடுக்க வேண்டும்.

கடைக்காரர்களும் கேம் ஆடும் பிள்ளைகளும் 5600ஜியைப் பரிந்துரைப்பார்கள். அதன் வேகா 7 கிராபிக்ஸ், இன்டெலின் யுஎச்டி 730ஐ விளையாட்டில் எளிதாகத் தோற்கடிக்கும் என்பது உண்மை. ஆனால் கேம் வேறு, டிசைன் வேறு. இல்லஸ்ட்ரேட்டரில் ஆயிரக்கணக்கான வளைகோடுகள் நகர்வதும், போட்டோஷாப்பின் பல ஃபில்டர்கள் ஓடுவதும் ஒற்றைக் கோரின் வேகத்தைத்தான் நம்பியிருக்கின்றன. அங்கே 12400 முன்னால் நிற்கிறது. உள்ளே கிராபிக்ஸை அடைத்துவைத்ததற்கு விலையாக 5600ஜியின் எல்3 கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 16 எம்பி ஆகச் சுருங்கியது; கிராபிக்ஸ் இல்லாத 5600இல் அது 32. அதோடு கார்டு மாட்டும் பிசிஐஇ வழியில் 5600ஜி 3.0வோடு நின்றுவிடுகிறது, 12400 மலிவு போர்டிலும் 4.0 தரும். பிறகு கார்டு வாங்கும் நாளில் இது உறுத்தும். வீடியோ வெட்டுபவருக்கு, அந்த வேலையை வேகமாக்கும் இன்டெலின் குவிக் சிங்க் தனி லாபம்.

நினைவகத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. வேகா தனக்கென்று நினைவகம் இல்லாமல் கணினியினுடையதைக் கடன் வாங்கி ஓடுவது. இரண்டு குச்சி போட்டால்தான் அதன் பலம் வெளிவரும். ஆக 5600ஜிக்கு 8+8. மலிவு போர்டில் இடம் இரண்டுதான், இரண்டும் நிரம்பிவிட்டது. நாளை 32 ஆக்க வேண்டுமென்றால் இரண்டையும் கழற்றி விற்க வேண்டும். 12400இல் இப்போது 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டுவிட்டு, விலை இறங்கும்போது இன்னொரு 16 சேர்க்கலாம். ஒற்றைக் குச்சியால் அதுவும் சற்று வேகம் இழக்கும்தான், ஆனால் வேகா அளவுக்கு நோகாது.

2024 இல் இன்டெல் சில்லுகள் நிலைகுலைவதாகப் பெரிய சர்ச்சை வந்ததே என்று கேட்டால், அது 13, 14ஆம் தலைமுறை சார்ந்தது. 12400 அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டு தளங்களும் (பிராசசரும் அது உட்காரும் போர்டும்) இன்று பழையவை என்பதையும் மறைக்க வேண்டாம். ஏஎம்டியின் புதிய ஏஎம்5 தளத்துக்கு ஆயுள் அதிகம், ஆனால் அது டிடிஆர்5 மட்டுமே கேட்கும். இன்றைய நினைவக விலையில் மாணவர் பட்ஜெட் அதிலேயே தீர்ந்துபோகும். என் ஓட்டு 12400க்கு, எச்610 என்ற மலிவு மதர்போர்டோடு.

வாங்கும்போது பில்லில் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 12400எஃப் சற்று மலிவு, ஆனால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் படமே வராது.

முப்பரிமாணம் வந்தால்

விதிவிலக்கு இதுதான். கட்டடக்கலையில் ரெண்டர் (முப்பரிமாண மாதிரியை முழுப் படமாக்குவது), பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள், சிஎல்ஓ என்ற ஆடை மென்பொருளில் உடுப்பை உருவத்தின் மேல் போர்த்திப் பார்ப்பது என்று முதல் ஆண்டிலேயே இறங்குகிறவருக்குக் கார்டு உடனே வேண்டும். பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸுக்கு என்விடியா கார்டு கிடைத்தால், அந்தக் கார்டுகளுக்கே உரிய ஆப்டிக்ஸ் என்ற வேகமான வழியில் ஓடும், அதன் முன் உள்கிராபிக்ஸ் எதற்கும் உதவாது. புதிய 3050 6 ஜிபிக்கும் பழைய 3060 12 ஜிபிக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஆள் நம்பகமானவரென்றால் 3060. காட்சி கார்டின் நினைவகத்துக்குள் அடங்காவிட்டால் ரெண்டர் தவழும், சில சமயம் நின்றே போகும். கிரிப்டோ மைனிங்கில் இரவுபகலாக ஓடி வந்த கார்டுகள் சந்தையில் உண்டு என்பதால், விற்பவர் வீட்டிலேயே அரைமணி நேரம் ரெண்டர் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். அப்போதும் எஃப் இல்லாத 12400தான் என் தேர்வு: பழைய கார்டு ஒருநாள் படுத்துவிட்டால், சமர்ப்பிக்க வேண்டிய வேலை படுக்காது.

இந்த 3060 கார்டு 170 வாட் வாங்கும். ஆகவே முதல்நாளே 550 வாட், மின்சாரத்தை வீணாக்காத '80 பிளஸ் புரோன்ஸ்' (Bronze) தரத்தில் பவர் சப்ளை போட்டுவிடுவது நல்லது. கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத பவர் சப்ளையை மறுத்துவிடுங்கள்.

திரை, பஞ்சு, கரண்ட்

மூன்றில் எதை எடுத்தாலும் ஒன்பதாயிரம் ரூபாயாவது திரைக்கு ஒதுக்குங்கள். 24 அங்குலம், கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகை, 99 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி. திருப்பூரில் நிறத்தை முடிவு செய்வது திரை அல்ல, பேண்டோன் பருத்தித் துணிச் சாம்பிளும் லேப் டிப்பும் (சாயமேற்றிப் பார்க்கும் சிறு துணித் துண்டு) விளக்குப் பெட்டியும்தான். ஆனால் தலையை அசைத்தால் நிறம் மாறும் டிஎன் திரையில் பழகிய கண், லேப் டிப்பையும் சந்தேகிக்கத் தொடங்கும்.

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் தறிச் சத்தம் கேட்கும் வீடாக இருந்தால், கேபினெட் தேர்வில் அழகைவிட வடிகட்டி முக்கியம். முன்பக்கம் முழுதும் வலைத்துளையுள்ள கேபினெட் காற்றோட்டத்துக்கு நல்லதுதான். பஞ்சுத் தூசியும் அதே வழியாகத்தான் உள்ளே போகும். கழற்றித் தட்டக்கூடிய வலை முன்னாலும், பவர் சப்ளைக்குக் கீழேயும் இருக்க வேண்டும். பழைய ஆபீஸ் பெட்டிகள் பலவற்றில் அப்படி எதுவும் கிடையாது, குளிரூட்டிய அறைக்காகச் செய்யப்பட்டவை. பிளோயரால் ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழன்றால் அது கெடும். ஈரோடு, கரூர் மே மாத வெயிலில் மூடிய அலமாரிக்குள் கணினியை வைப்பதும் வேண்டாம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை செய்தித்தாளில் முன்கூட்டியே வந்துவிடும். சொல்லாமல் போகும் கரண்ட்தான் கோப்பைக் கெடுக்கும். கார்டு இல்லாத 12400க்கும் திரைக்கும் 600 விஏ யுபிஎஸ் போதும், சேமித்துவிட்டு அணைக்க நேரம் கிடைக்கும். 3060 போட்டு ரெண்டர் ஓட்டினால் அதே யுபிஎஸ் சுமை தாங்காமல் அணைந்துபோகலாம். 1000 விஏ பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால், பின்னால் உள்ள சுவிட்சை 'யுபிஎஸ்' நிலைக்கு மாற்றி, ஒருமுறை மெயினை அணைத்துக் கணினி தாக்குப்பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் தனி யுபிஎஸ் செலவு மிச்சம், அந்தப் பணத்தை இரண்டாவது நினைவகக் குச்சிக்கு எடுத்து வையுங்கள்.