நோட்டேஷன் மென்பொருளுடன் நாலு வருடம்: பியானோ இசையை விண்ட் பேண்டுக்கு மாற்றிய அனுபவம்

சிங்கப்பூரில் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கக் கற்றவன் நான். இப்போது வார இறுதிகளில் கூடும் ஒரு சின்ன விண்ட் பேண்டில் (ஊதும் வாத்தியங்களே பெரும்பாலும் உள்ள குழு) இருக்கிறேன். ஓபோவுக்கு ஆளே இல்லை, சாக்ஸஃபோனோ ஏழு! கடையில் கிடைக்கும் ஸ்கோர் (எல்லா வாத்தியங்களுக்கும் எழுதிய இசைத்தாள்) எதுவும் எங்கள் ஆள்கணக்குக்கு ஒத்துவராததால், பியானோ படைப்புகளை நானே மாற்றி எழுத ஆரம்பித்தேன். அன்று முதல் ஒரே இலவச நோட்டேஷன் மென்பொருள்தான், அதாவது கணினியில் இசைக்குறிகளை எழுத உதவும் மென்பொருள்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கான்சர்ட் பிட்ச் பொத்தான். பி ஃப்ளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும், எஃப் ஹார்ன் ஐந்தாம் சுரம் கீழே. இந்தக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டு, காதில் விழும் சுருதியிலேயே எல்லோருக்கும் எழுதலாம். கடைசியில் ஒரு சொடுக்கில் அவரவர் பார்ட் (தனித்தனி இசைத்தாள்) தயார். வாத்தியத்தின் எல்லையைத் தாண்டினால் சுரம் சிவப்பாகிவிடும்.

அந்தச் சிவப்பை நம்பித்தான் ஏமாந்தேன். முதலில் எடுத்தது பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் முதல் ஜிம்னோபெடி என்ற பியானோ படைப்பு, 1888இல் எழுதியது. சாட்டி 1925லேயே காலமாகிவிட்டதால் காப்புரிமைத் தொல்லை இல்லை. மூலம் டி மேஜர். அப்படியே விட்டால் ஆல்டோ சாக்ஸுக்கு ஐந்து ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றச் சொல்லும் குறி) வரும், வாசிக்கச் சிரமம் என்று பையன்கள் சண்டைக்கு வருவார்கள். அரைச் சுரம் ஏற்றி ஈ ஃப்ளாட்டில் வைத்தேன். மெட்டு கிளாரினெட்டுக்கு.

கணினியில் அமிர்தமாக இருந்தது. ஒத்திகையில் முதல் வரி முடிந்து, நாலு பார் (தாளக் கட்டம்) நீளும் அந்தச் சுரத்தில் வந்து நின்றதும் சத்தம் சோகை பிடித்ததுபோல் ஆகி, சுருதியும் மெல்ல மேலே ஏறியது. நான் ஏற்றிய அரைச் சுரத்தால் அது கிளாரினெட் தாளில் நடு ஏ ஆகிவிட்டது. த்ரோட் டோன், அதாவது கிளாரினெட்டில் ஒலி மெலிந்துபோகும் சுரங்கள் என்று நாங்கள் புலம்பும் இடம் அதுதான். இத்தனை வருடம் வாசித்த எனக்கே உறைக்கவில்லை. எல்லைக்குள்தான் இருக்கிறது, மென்பொருள் ஏன் சிவப்பு காட்டப்போகிறது? அந்த நாலு பாரை ஆல்டோ சாக்ஸுக்குக் கொடுத்த பிறகுதான் சரியாயிற்று.

அடுத்த தலைவலி பெடல். பியானோக்காரர் இடது கையால் அடிச்சுரத்தைத் தட்டி, அது ஒலித்துக்கொண்டே இருக்கப் பெடலை மிதித்துவிட்டு, இரண்டாம் தட்டில் கார்டுக்கு (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்கள்) தாவிவிடுவார். பேண்டில் அந்த அடிச்சுரத்தை யாராவது ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். கணினியின் டூபாவுக்கு மூச்சே முட்டாது, எங்கள் டூபாக்காரருக்கு மூன்றாவது வரியில் முகம் சிவந்துவிட்டது. நல்லவேளையாக ஆரம்பத்தில் பாருக்கு ஒன்றாக இரண்டே அடிச்சுரங்கள் மாறிமாறி வருகின்றன. ஆளுக்கு ஒன்றாக இரண்டு டூபாவுக்குப் பிரித்துவிட்டேன்.

பியானோ ஃபைலை அப்படியே இறக்கி, வாத்தியங்களுக்குப் பிரித்துத் தள்ளும் வசதியும் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவெல் தன் சொந்தப் பியானோ தொகுப்பான 'லெ டோம்போ த கூப்பெரா'வை 1919இல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது ஆறு பகுதிகளில் நாலைத்தான் எடுத்தார். ஃபியூகையும் டொக்காட்டாவையும் விட்டுவிட்டார். அவரே விட்டதை ஒரு மெனு செய்துவிடுமா?

இடையில் ஒருமுறை பெரிய பதிப்பு மாற்றம் வந்தது. பழைய ஃபைல்களைத் திறந்தால் ஃபோர்ட்டே (உரக்க), பியானோ (மென்மையாக) என்ற ஒலியளவுக் குறிகள் இடம் மாறிக் கிடந்தன, பக்கம் திருப்பும் இடங்களும் குலைந்திருந்தன. பதினெட்டுப் பார்ட்களைச் சரிசெய்ய இரண்டு வார இறுதிகள் போயின. இப்போது எதை முடித்தாலும் உடனே பிடிஎஃப் எடுத்து வைத்துவிடுகிறேன்.

இத்தனைக்கும் பிறகும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஸ்பீக்கரை மட்டும் அணைத்துவிட்டு, கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, எழுதிய ஒவ்வொரு வரியையும் ஒருமுறை ஊதிப் பார்த்துவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் பாவம்.