ஷூப் விரிகுடாவுக்குப் பணம் கட்டி ஏமாந்தோம்: 1,480 டாலர் போச்சு

இந்தக் கோடையில் அலாஸ்கா போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள்தான் ஆகிறது, எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எழுத்தில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால்டீஸ் ஊருக்குப் பக்கத்தில் ஷூப் விரிகுடா என்று மாநில அரசின் கடல் பூங்கா ஒன்று இருக்கிறது. ரோடு கிடையாது. ஊரிலிருந்து ஏழெட்டு மைல் படகிலோ, கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகிலோதான் போக வேண்டும். மலையிலிருந்து பனியாறு ஒன்று இறங்கி வரும். கிட்டிவேக் என்கிற கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டியிருக்கும். தங்க அரசு கேபின்கள் உண்டு. பறவை என்றால் என் பையனுக்குப் பைத்தியம். டிசம்பரிலிருந்தே இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

கேபினும் படகும் தனித்தனியாகத் தேடி அலுத்துப்போன நேரத்தில் ஆன்லைன் டூர் ஏஜென்ட் ஒருவர் கிடைத்தார். வாட்டர் டாக்ஸி, மூன்று பேருக்கு கயாக், ஒரு ராத்திரி கேபின், எல்லாம் சேர்த்து 1,480 டாலர். மலிவு இல்லை. ஆனால் அந்த ஊர் விலையைப் பார்த்தவர்களுக்கு அது சந்தேகப்படும்படியும் இல்லை.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு கட்டவில்லை. போனில் முக்கால் மணி நேரம் பேசினேன். உள்ளே இருக்கும் காயலுக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழைய முடியாது, கடல் ஏறியிருக்கும்போதுதான் போக வேண்டும், வற்றும்போது அந்தக் குறுகிய வாயில் தண்ணீர் ஆறு மாதிரி வெளியே பாயும் என்று விளக்கினார். 1964 மார்ச் 27 நிலநடுக்கத்தில் பழைய வால்டீஸ் அழிந்ததையும், ஊரையே நாலு மைல் தள்ளிப் புதிதாகக் கட்டியதையும் கதை போலச் சொன்னார். கடைசியில், "பையனுக்கு ரப்பர் பூட்ஸ் எந்த சைஸ்? படகில் எடுத்து வைத்துவிடுகிறேன்" என்றார்.

அந்த பூட்ஸில்தான் விழுந்தேன். செருப்பு சைஸ் கேட்கிற ஆள் ஏமாற்றுவானா என்று தோன்றிவிட்டது. கார்டு வாங்கினால் கமிஷன் போகும், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்புங்கள் என்றபோது என் வீட்டுக்காரர் மட்டும், "எதுக்கும் கார்டுலயே கட்டேன்" என்றார். நான்தான் கேட்கவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

டாலஸிலிருந்து ஆங்கரேஜ், அங்கிருந்து வாடகைக் காரில் 300 மைல். தாம்சன் கணவாயில் மேகத்துக்குள்ளேயே ஓட்டி இறங்கினோம். போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கே துறைமுகத்தில் நின்றோம், பத்து மணிக்குப் படகு. பத்தரை ஆச்சு. பதினொன்று ஆச்சு. போன் எடுக்கவில்லை. பையன் எதிர்க்கரையில் எண்ணெய்க் கப்பலைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக நின்றான்.

பக்கத்தில் படகு கழுவிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "பத்து மணிக்கா? இன்றைக்கா?" என்று சுவரில் ஒட்டியிருந்த, கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் போட்ட ஏற்றவற்ற அட்டவணையைக் காட்டினார். அன்று பத்து மணிக்கு முழு வற்றம். இறங்குபலகை செங்குத்தாகத் தொங்கியது. ஏற்றம் மாலை நாலு மணிக்கு மேல்தான். எனக்கு அத்தனை பாடம் எடுத்த ஆள், சொந்தமாகக் கொடுத்த நேரத்தை அதோடு ஒப்பிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எந்த போனிலும் ரெண்டு நிமிஷத்தில் கிடைக்கும் அட்டவணை.

விசாரித்த படகுக்காரர்கள் யாரிடமும் எங்கள் பெயரில் பதிவு இல்லை. கேபினை வேறொரு குடும்பம் எப்போதோ எடுத்திருந்தது. 1,480 டாலருக்கு எங்கள் கையில் இருந்தது அழகாக அச்சடித்த ஒரு வவுச்சர்.

அன்று மதியம் மெயில் வந்தது: "மோசமான வானிலையால் பயணம் ரத்து. வானிலை ரத்துக்குப் பணம் திரும்பாது." துறைமுகத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "விரிகுடாவுக்குள் காற்று அதிகம்" என்று பதில். எந்தப் படகு, கேப்டன் யார் என்று கேட்டதும் "உள்ளூர் பங்குதாரரிடம் பேசுங்கள்" என்றார்கள். பங்குதாரரின் எண் கேட்டால் "72 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்." நாலாவது நாள் புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடியாச்சு. அடுத்த வருஷத்துக்கு இருபது சதவீதம் தள்ளுபடி வேண்டுமா என்று ஒரு மெயில் வேறு. வங்கியோ, "நீங்களே அனுப்பிய பணம்தானே மேடம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

பையனுக்காக மறுநாள் ஊரிலிருந்து ஷூப் பக்கம் போகும் நடைபாதையில் கோல்ட் கிரீக் வரை நடந்தோம். மழை. கிட்டிவேக் நாலைந்து தலைக்கு மேல் போயின. பனியாறு கண்ணில் படவில்லை.

விரிவாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது தெம்பில்லை. கார்டில் மட்டும் கட்டுங்கள். கேபினை மாநிலப் பூங்காத் துறையிடமே நேராக எடுங்கள், நடுவில் ஆள் வேண்டாம். படகுக்காரர் பெயரையும் படகின் பெயரையும் வாங்கி, அவருக்கே போன் செய்து கேளுங்கள். சொன்ன நேரத்தை ஏற்றவற்ற அட்டவணையில் பாருங்கள்.

ஷூப் விரிகுடாவுக்கு இப்படி எல்லாம் சேர்ந்த பேக்கேஜில், வங்கி வழியாக யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் நாளைக்குத் தள்ளாமல் இன்றே வங்கியைக் கூப்பிடுங்கள். நான் நாலு நாள் அவர்கள் மெயிலுக்குக் காத்திருந்தேன். அதற்குள் அந்தக் கணக்கையே மூடிவிட்டுப் போய்விட்டார்கள், என் 1,480 டாலரோடு.